வெறும் பேணி

செட்டிகுளம்,
12.06.2025

அன்பு மச்சான் குகன்,

உனக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று துஆச் செய்தபடி தொடங்குகிறேன். இங்கே பெருநாள் இறைச்சி முடிந்துவிட்டது. வாப்பாவின் முழங்கால் நோ மட்டும் முடியவில்லை.

பிஸ்கட் வந்த தகரப் பேணிக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நம்முடைய விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, அறுபது ஜிபி. உருத்திரபுரத்துச் சிக்னலில் அதை இறக்க வெளிக்கிட்டால் நீ சிறுபோகம் வெட்டி முடித்து, காலபோகத்துக்கும் விதைத்துவிடுவாய். அதனால் வழமைபோல என் போன் கடை லைனில் இறக்கி, கனகலிங்கம் அண்ணையின் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கரடிப்போக்குச் சந்தியில் நின்று வாங்கிக்கொள். உள்ளே இருக்கிற கோப்புகளை அப்படியே உன் கம்பியூட்டரில் போடு. இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் சேர்ந்து விளையாட விடாது. டிஸ்க்குக்குப் பக்கத்தில் பேரீச்சம்பழமும் மஸ்கட் அல்வாவும் இருக்கின்றன. மஸ்கட் நஃப்லா செய்தது, கட்டின பாவத்துக்கு நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன், நீயும் அப்படியே சாப்பிடு.

அவ இனி விளையாட வரமாட்டாவாம். ஆறு வருசமாக மூன்று பேராக அரக்கர் மலை ஏறுகிறோம். நீ கேடயம், நான் வில், அவ வைத்தியம். போன ஞாயிறு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்ன சொன்னா தெரியுமா, "ஒருத்தரும் சாகாத சண்டைக்கு வைத்தியக்காரி என்னத்துக்கு" என்றா. உண்மைதானே மச்சான். சண்டை சப்பென்று போய்விட்டது. இதை எப்படிக் கடினமாக்கலாமென்று யோசித்துச் சொல்லு. போனில் வேண்டாம், போனில் நீ "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுவாய். எழுதி அனுப்பு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

உன்,
ஸஜாத்

---

உருத்திரபுரம்,
20.06.2025

அன்பான ஸஜாத்,

மஸ்கட் நன்றாக இருந்தது. கடைசித் துண்டுக்கு நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் அம்மா எனக்குத் தந்தா.

நஃப்லா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் கொஞ்ச நாளாக அந்த விளையாட்டைத் திறக்கவே அருவருப்பாக இருக்கிறது. அரக்கர் தலைவனாம், ஏழு கையாம். போன ஞாயிறு என் முன்னால் வந்து வாயைத் திறந்தான். நானும் கேடயத்தைத் தூக்கினேன். என்ன நினைத்தானோ, திரும்பி உன் பக்கம் போய்விட்டான். எங்கள் ஒழுங்கைத் தெருவில் திரிகிற நாய்கூடத் தெரியாத ஆளைக் கண்டால் அதைவிடக் கூட நேரம் குரைக்கும். வென்றபிறகு திரையில் பூமாரி பொழிந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு ஏப்பம் விடச் சொன்னது மாதிரி.

ஆகவே இதுதான் என் யோசனை. மலையேறும்போது ஆளுக்கு ஒரு மருந்துப் போத்தல், அதற்கு மேல் இல்லை. நஃப்லா வராவிட்டாலும் மூன்று பேருக்கு வருகிற அரக்கர் கூட்டமே நம் இரண்டு பேருக்கும் வரவேண்டும். விழுந்தவனைப் பத்து விநாடிக்குள் மற்றவன் தூக்கலாம், அதை மட்டும் விட்டுவைப்போம். பத்துக்குப் பிறகு செத்தவன் செத்தவன்தான். ஆறு வருசம் வளர்த்த ஆளென்றாலும் அழிந்து போகட்டும். பயமில்லாத இடத்தில் இரண்டு பேர் சேர்ந்து போய் என்ன பிரயோசனம் சொல்லு.

குகையில் எடுத்த அந்த வெள்ளிக் கவசத்தை நீயே போட்டுக்கொள். எனக்கு இந்தத் தோல்சட்டை காணும்.

பேணிக்குள் கச்சான் கடலை வருகிறது. வெறும் பேணியைத் திருப்பி அனுப்பினால் அம்மா என்னை வீட்டுக்குள் எடுக்கமாட்டா. டிஸ்க்கை இன்னும் இரண்டு கிழமை வைத்திருக்கிறேன். என் கம்பியூட்டர் நிரம்பிக் கிடக்கிறது, பழையதை அழித்துவிட்டுத்தான் புதுசைப் போடவேண்டும்.

அன்புடன்,
குகதாசன்

---

உருத்திரபுரம்,
01.07.2025

ஸஜாத்,

இதைப் பஸ்ஸில் விடாமல் தபாலில் போடுகிறேன். போன கிழமை நீ திருப்பி அனுப்பிய பேணி என்னிடமே இருக்கிறது.

நேற்று மத்தியானம் இடம் பிடிக்கிற கோப்புகளைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தேன். உன் டிஸ்க்கில் விளையாட்டுக் கோப்புகளுக்குள் ஒரு சின்னக் குறிப்புக் கோப்பு. அவசரத்தில் நீ அதையும் சேர்த்துப் பிரதி எடுத்திருக்கிறாய். தமிழில், உன் கையால் தட்டியது. நீ மறந்திருந்தால் ஒருக்கால் வாசித்துப் பார்.

"பனங்காமத்தான்மேல் விழுகிற அடி பத்துக்கு நாலு. உயிர் குறைந்தால் அரக்கர் வேறு ஆளிடம் திரும்பவேணும். விழுந்தால் தூக்கக் கூடுதலாய் ஐந்து விநாடி. குகனுக்குத் தெரியக்கூடாது."

பனங்காமத்தான் விளையாட்டில் என்னுடைய ஆள். கோப்பில் போட்டிருக்கிற திகதி 2019 ஆவணி. நாம் தொடங்கிய வருசம்.

சீ என்று வருகிறது எனக்கு. ஆறு வருசமாக ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் குளித்து, சாப்பிட்டு, அம்மாவிடம் "இனிக் கூப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருவேன். எனக்கென்று இருந்தது அந்த மூன்று மணித்தியாலம் மட்டும்தான். யானை வந்து வேலி பிரித்த கிழமையிலும் வந்தேன். நெல் படுத்த கிழமையிலும் வந்தேன். அங்கேயாவது நான் நின்று தாங்குகிறேன், நான் தாங்குவதால்தான் நீங்கள் இரண்டு பேரும் பின்னால் நிற்கிறீர்கள் என்று நினைத்தேன். தாங்கியது பத்துக்கு நாலு.

ஏழு கைக்காரன் ஏன் திரும்பிப் போனான் என்று இப்போது விளங்குகிறது. அவனுக்கு நீ சொல்லி வைத்திருக்கிறாய், அது பாவம், அதை விடு என்று.

2009 இல் யுத்தம் முடிந்து எங்களை அடைத்திருந்த செட்டிகுளத்து முகாமின் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீ பன் தந்தாய், இந்தப் பக்கம் நின்று நான் வாங்கினேன். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பியை நீ இன்னும் கழற்றவில்லை என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இந்த ஞாயிறு வரமாட்டேன்.

குகதாசன்

---

செட்டிகுளம்,
06.07.2025

அன்பு மச்சான்,

இன்று ஞாயிறு. இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். நீ வரவில்லை.

மன்னிப்பெல்லாம் பிறகு கேட்கிறேன். முதலில் நீயும் கொஞ்சம் கேட்கவேண்டும். 2019 இல் முதல் மாதம் நீ எப்படி விளையாடினாய் என்று ஞாபகம் இருக்கா? ஒரே பின்னேரத்தில் பதினொரு தரம் செத்தாய். பாலத்தில் செத்தாய், பாலத்துக்கு ஏறுகிற படியில் செத்தாய். கடைசியில் "பரவாயில்லை மச்சான்" என்றாய், அதற்குப்பிறகு மூன்று கிழமை வரவில்லை. இனி வரவே மாட்டாய் என்று நினைத்தேன். உன் லைன் இழுபறி, உன் கம்பியூட்டர் பழசு. கையிலே பிழை இல்லை, பொருளிலேதான் பிழை என்று எண்ணித்தான் அந்தக் கோப்பைச் செய்தேன். அதற்குப்பிறகு நீ ஒழுங்காக வந்தாய். நான் அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

உன்னிலும் பிழை இருக்கிறது. நல்ல கவசம் வந்தால் "நீ போடு". நல்ல வாள் வந்தால் "நஃப்லாவுக்குக் குடு". மருந்துப் போத்தலை எப்போதாவது நீ குடித்திருக்கிறாயா? கிழிந்த தோல்சட்டையோடு முன்னால் போய் நிற்கிற ஆளைச் சாகாமல் வைத்திருக்க நான் வேறு என்ன செய்ய?

நஃப்லாவுக்கு இப்போதுதான் சொன்னேன். "நான் ஆறு வருசமாச் சுகமாக்கினது ஒரு பொய்க் காயத்தையோ" என்று கேட்டா. அவவுக்கும் அருவருப்புத்தான்.

கோபத்தை எழுதி அனுப்பு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஸஜாத்

---

உருத்திரபுரம்,
14.07.2025

ஸஜாத்,

மூன்று நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

கவசத்தையும் மருந்துப் போத்தலையும் பற்றி நீ கேட்ட கேள்விக்கு உண்மையான மறுமொழி இதுதான். வாசித்துவிட்டு உனக்கு என்னைப் பிடிக்காமல் போனால் போகட்டும்.

நான் நன்றாக விளையாடுவேன். பதினொரு தரம் செத்த பின்னேரத்திலும் எனக்கு விளையாடத் தெரியும். நஞ்சு அம்பு உன் பக்கம் வந்தால் முன்னால் போய் வாங்கினேன். பொறி இருக்கிற கல்லில் நீ மிதிக்கப் போனால் நான் முந்தி மிதித்தேன். நல்லதெல்லாம் உனக்கென்று ஒதுக்கினேன். கடைசி அடியை நீ அடிக்கவேண்டும் என்று வாளை ஓங்கிய கையை எத்தனை தரம் இறக்கியிருக்கிறேன் தெரியுமா? பன் தந்தவன் முன்னால் என் கை ஓங்காது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் திருப்பித்தர என்னிடம் இருக்கவில்லை, அரக்கர் மலையில்தான் இருந்தது.

பிறகு அந்த மூன்று கிழமை வராமல் இருந்தது வெட்கத்தில் இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது பார். நான் உனக்காகத் தோற்றேன். நான் தோற்கிறேன் என்று நீ அரக்கருக்குப் பல்லைப் பிடுங்கினாய். பல்லில்லாத அரக்கரை வைத்துக்கொண்டு, ஏன் சண்டை சப்பென்று போனது என்று பேணிக்குள் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நம் இரண்டு பேரையும் நினைக்கவே எனக்கு அரியண்டமாக இருக்கிறது. உன்னைவிட என்னில் கூட அருவருப்பு. நீ ஒரு கோப்பில்தான் எழுதி வைத்தாய். நான் ஒவ்வொரு ஞாயிறும் கையால் செய்தேன்.

கோப்பை எடு. ஒருவருக்கும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். நான் எழுதிய விதிகள் அப்படியே நிற்கட்டும். டிஸ்க்கைப் பேணியோடு அனுப்புகிறேன். அம்மா முருங்கைக்காய் வைத்திருக்கிறா, அது அவவின் வேலை, என் வேலை இல்லை.

குகதாசன்

---

செட்டிகுளம்,
21.07.2025

மச்சான்,

டிஸ்க் சுத்தமாக வருகிறது. கோப்பை அழித்துவிட்டேன். நம்பாவிட்டால் தேடிப்பார். நஃப்லா பக்கத்தில் நின்று பார்த்தா. கடைக்கு வருகிற பெடியள் போனில் எதையாவது அழித்துத்தரச் சொன்னால் அழிக்காமல் சும்மா மறைத்து வைப்பேன். இதை அப்படிச் செய்யவில்லை.

உன் கடிதத்தை வாசித்தபிறகு இதைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனில்லை. பன்னைப் பற்றியது.

அது நல்ல பன் இல்லை குகன். வாப்பாவின் தேத்தண்ணிக் கடையில் முதல்நாள் மிஞ்சியது. காலையில் ஆட்டுக்குப் போடுவோம். நான் ஆட்டுக்குக் கொண்டு போகிற வழியில்தான் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். என்னளவு உயரம். உன்னைப் பார்த்ததும் நீட்டினேன். இரண்டு மூன்று நாளில் வாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, அடித்தார். தந்ததற்காக இல்லை. "மனிசருக்குக் குடுக்கிறதெண்டா இண்டைக்குப் போட்டதைக் குடுடா" என்றார். அவர் தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது முல்லைத்தீவை விட்டுப்போய்ப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் கையேந்திச் சாப்பிட்டவர், அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சூட்டோடு ஒரு பன் கடதாசியில் சுற்றித் தந்தார், உனக்கென்று.

அதை நான் வழியில் தின்றேன். உனக்கு ஆட்டுப் பன்னைத்தான் தந்தேன். எனக்குப் பசி இல்லை மச்சான், வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு இருந்தது. மேலே சீனி தூவியிருக்கும், அந்த ருசிக்குத்தான். நீ முகாமை விட்டுப் போகும் வரைக்கும் அப்படித்தான்.

கையிலே பிழை, பொருளிலே பிழை என்று எழுதியதெல்லாம் பொய். பத்துக்கு நாலு என்று போட்டது அதற்காக. நீ "ஸஜாத் தந்த பன்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீனிதான் ஞாபகம் வரும். உன்னை ஒருத்தனும் அடிக்கக்கூடாதென்று இருந்தது.

வாப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

பேணிக்குள் டிஸ்க்கோடு பேரீச்சம்பழம் இருக்கிறது. இதை எழுதியபிறகு அதை வைக்கவும் கை கூசுகிறது, வைக்காமல் விடவும் முடியவில்லை.

ஸஜாத்

---

உருத்திரபுரம்,
29.07.2025

ஸஜாத்,

ஞாயிறு நடந்தது உனக்குத் தெரியும். எனக்குள் நடந்தது தெரியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வாய்க்கால் கரையில் இருந்து வாசித்தேன். ஓங்காளம் வந்தது, குனிந்தேன், ஒன்றும் வரவில்லை. பதினாறு வருசத்துப் பன் எப்படி வரும்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், முகாமில் நான் கொண்டுவந்து தந்த பன் எப்படி இருந்தது என்று. அவ அரிசி புடைத்துக்கொண்டே சொன்னா, "அது புளிச்ச பன் எண்டு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. நீ சந்தோசமாச் சாப்பிட்டாய். நான் ஏன் சொல்லுவான்?" வெறும் தேத்தண்ணியில் தோய்த்து எனக்குத் தருவாவாம், மணம் தெரியாமல் இருக்க.

அம்மாவிலும் எனக்குக் கோபம் வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத் தெரியாமல் யாரோ அடியைக் குறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் உண்மையில் எவ்வளவு தாங்குவேன் என்று எனக்கே தெரியாது, வயது இருபத்தெட்டு.

அந்த மனதோடுதான் ஞாயிறு வந்து உட்கார்ந்தேன். வெள்ளிக் கவசத்தைக் கேட்டேன். நீ கழற்றித் தந்தாய். பாலத்தில் அரக்கர் வந்தார்கள். அடி என்றால் அதுதான் அடி. முதல் அடியிலேயே பாதி உயிர் போய்விட்டது, என் உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. பிறகு நீ விழுந்தாய். ஹெட்போனில் "தூக்கு மச்சான்" என்றாய். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சொன்னாய்.

மூன்று பேர் உன்மேல் நின்றார்கள். நான் வந்திருந்தால் இரண்டு பேரும் முடிந்திருப்போம். விளையாடத் தெரிந்த எவனைக் கேட்டாலும் போகாதே என்றுதான் சொல்லுவான். அப்படிச் சொல்லி நான் தப்பிவிடலாம். ஆனால் நான் அதற்காக நிற்கவில்லை. நீ வழியில் நின்று சீனிப் பன் தின்கிறதை நினைத்துக்கொண்டு நின்றேன். என் கை தானாகத் தூக்குகிற பொத்தானுக்குப் போனது, மற்றக் கையால் அதைப் பிடித்து வைத்திருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. நீ ஆறு வருசம் வளர்த்த ஆள், ஸுல்தான், திரையிலிருந்து போய்விட்டான். நீ லைனைத் துண்டித்துவிட்டாய்.

அந்தப் பத்தோடு உன்மேல் இருந்த அருவருப்பு முடிந்துவிட்டது. பிறகு இருந்ததெல்லாம் என்மேல்தான், அது இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

மிச்சச் சண்டையை நீ பார்க்கவில்லை. நான் ஓடவில்லை. கேடயத்தைப் பாலத்துக்குக் குறுக்கே வைத்து, ஒருவர் ஒருவராக வரவிட்டு, மருந்துப் போத்தலைக் கடைசிவரை வைத்திருந்து குடித்தேன். முதல் தரமாகக் குடித்தேன். முடியும்போது நகத்தளவு உயிர் இருந்தது. ஒருவரும் திரும்பிப் போகவில்லை, ஒருவரும் எனக்காக விடவில்லை. எழும்பிக் கத்தினேன், அம்மா பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடி வந்தா. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் விளங்குகிற ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான். அதுவும் எனக்கு அரியண்டமாகத்தான் இருந்தது.

ஸுல்தானுக்காக நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். பன்னுக்காக நீயும் கேட்கவேண்டாம். வாப்பாவிடம் மட்டும் சொல்லிவிடு, அவர் தந்த பன் எனக்குக் கிடைக்கவில்லை என்று அவர் அறிந்திருக்கவேண்டும்.

நேற்றுப் பனங்காமத்தானையும் அழித்துவிட்டு உன்னோடு முதலாம் படியிலிருந்து தொடங்கலாமென்று கை போனது. பிறகு யோசித்தேன், அதுவும் பன்தான். அழிக்கவில்லை. நீ புது ஆளோடு வா. அவன் சின்னவன் என்று நான் மெதுவாக நடக்கமாட்டேன். நஃப்லாவையும் கூட்டிக்கொண்டு வா, இனி அவவுக்கு வேலை இருக்கும்.

பேணியில் டிஸ்க் மட்டும்தான் வருகிறது. அம்மா கச்சானை அள்ளிக்கொண்டு வந்தா, நான் மூடியை இறுக்கிவிட்டேன். "என்ன தம்பி, சண்டையோ?" என்று கேட்டா. இந்த வீட்டிலிருந்து ஒன்றும் வைக்காமல் ஒரு பேணி போவது இதுதான் முதல் தரம், அவவுக்கு முகம் செத்துப்போய்விட்டது.

அடுத்த பதிப்பு வந்ததும் நீ டிஸ்க்கை அனுப்புவாய். பேணியைத் திறக்கும்போது அதற்குள் டிஸ்க் மட்டும் இருந்தால் ஞாயிறு இரண்டு மணிக்கு நான் இருப்பேன். ஒரு பேரீச்சம்பழம் இருந்தாலும் வரமாட்டேன்.

குகதாசன்